நீளமா ஒடுக்கமா ஒரு மனை, தெக்கால ரோடு: வெயில் வேணும்னா வீட்டை முன்னாடி வைக்கணுமா, பின்னாடி தள்ளணுமா?

கயல்விழி_மனை

வணக்கம் எல்லாருக்கும். மனை வாங்கியாச்சு, பிளான் போடுற எடத்துல வந்து நிக்கிறோம், அனுபவப்பட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க.

மனை 34 அடி அகலம், 130 அடி நீளம். நீளவாக்கு தெக்கு வடக்கா ஓடுது, ரோடு தெக்கு பக்கம். ரெண்டு பக்கமும் 5 அடி விடணும், அப்போ வீட்டோட அகலம் 24 அடிக்கு மேல போக முடியாது. முன்னாடி 15 அடி, பின்னாடி 10 அடி கட்டாயம் விடணும். மேக்கால ஏற்கனவே ரெண்டு மாடி வீடு இருக்கு, சுமார் 22 அடி உயரம், அவங்க மனையோட முன்பாதியில தான் வீடு, பின்பாதி அவங்க தோட்டம். கெழக்கால இப்போதைக்கு காலி மனை.

நாங்க இருக்கறது வடக்கு அட்சரேகை 40 டிகிரி சுமாருக்கு, குளிர்காலம் நீளம். அந்த மாசங்கள்ல வீட்டுக்குள்ள வெயில் விழணும்ங்கறது தான் எங்களுக்கு முதல் தேவை, மத்ததெல்லாம் அப்புறம். மாமியாருக்கு மூட்டு வலி இருக்கு, அவங்களுக்கு கீழ்த்தளத்துலயே வெயில் வர்ற ரூம் ஒண்ணு வேணும். கொஞ்சம் காய்கறி போடவும் எடம் வேணும்.

எங்க ஆர்கிடெக்ட் ரெண்டு ஸ்கெட்ச் குடுத்தார். ஒண்ணு, வீட்டை ரோட்டை ஒட்டி முன்னாடி வச்சிட்டு பின்னாடி பெரிய தோட்டம். இன்னொண்ணு, வீட்டை வடக்கு ஓரம் வரைக்கும் தள்ளிட்டு முன்னாடி தோட்டம். வீட்ல எல்லாரும் முதல் ஸ்கெட்ச் தான் சரின்றாங்க, ரோட்ல இருந்து பார்த்தா வீடு தெரியும், தோட்டம் பின்னாடி மறைவா இருக்கும்னு. எனக்கு மனசு ஒப்பல ஆனா ஏன்னு சரியா சொல்லத் தெரியல. எதை எடுக்கலாம்?

சாரப்பலகை

கயல், உங்க மனசு ஒப்பாததுக்கு காரணம் இருக்கு, கணக்கு போட்டு பார்த்தா தெரிஞ்சிடும்.

மத்தியானம் சூரியன் எவ்வளவு உயரத்துல நிக்கும்னு கண்டுபிடிக்கறது ஈஸி. 90ல இருந்து உங்க அட்சரேகையை கழிச்சா மார்ச், செப்டம்பர் 20 தேதி வாக்குல வர்ற உயரம் கிடைக்கும், உங்களுக்கு 50 டிகிரி. அதுல இருந்து 23.5 கழிச்சா டிசம்பர் 21, கூட்டினா ஜூன் 21. ஆக டிசம்பர்ல வெறும் 26.5 டிகிரி, ஜூன்ல 73.5 டிகிரி. இந்த 26.5 தான் உங்க வீட்டையே தீர்மானிக்கப் போற நம்பர். ஏன்னா அந்த கோணத்துல எந்தப் பொருளோட நிழலும் அதோட உயரத்துல ரெண்டு மடங்கு நீளத்துக்கு வடக்கே விழும். இது மத்தியானம் மட்டும், காலைல 9 மணிக்கும் சாயங்காலம் 3 மணிக்கும் சூரியன் 14 டிகிரில தான் இருக்கும், வடக்கு நோக்கி நிழல் மூணு மடங்கு போயிடும்.

இப்போ முதல் ஸ்கெட்சை பாருங்க. 22 அடி உயர வீடு, டிசம்பர் மத்தியானத்துல 44 அடி நிழல், அது விழுறது முழுக்க உங்க பின்தோட்டத்துல. உங்க வீடே உங்க தோட்டத்தை மறைக்குது. வீட்டோட பின்பாதி ரூம்கள்ல ஜன்னல் வடக்கு பார்த்து தான் வரும், அதுல குளிர்காலம் முழுக்க ஒரு கீத்து வெயில் கூட நேரா விழாது. தெக்கு முகம் இருக்கறது வெறும் 24 அடி அகலம், அதுலயும் கார் நிறுத்த ஒரு 10 அடி போயிட்டா மிச்சம் என்ன இருக்கு?

ரெண்டாவது ஸ்கெட்ச்ல வீட்டுக்கு முன்னாடி இருக்கற காலி நிலம் உங்களோடது. அதுல நாளைக்கு யாரும் கட்ட முடியாது. அதுக்கும் தெக்கால ரோடு, அதுலயும் யாரும் கட்டப் போறதில்ல. இந்த மாதிரி ஒடுக்கமான மனையில வீட்டு வாசல் எந்தத் திசைன்னு யோசிக்கறதை விட, சூரியன் இருக்கற பக்கம் எத்தனை அடி காலியா இருக்கு, அந்த காலி எடம் யார் கையில இருக்குன்னு தான் முதல்ல பார்க்கணும். என் ஓட்டு ரெண்டாவதுக்கு.

கடலோரக்காத்து

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா இதைப் படிக்கற எல்லாரும் 40 டிகிரில இல்லைங்கறதால சொல்றேன். நான் இருக்கறது 10 டிகிரி பக்கம். இங்க டிசம்பர்லயே மத்தியான சூரியன் 56 டிகிரிக்கு மேல நிக்கும், ஜூன்ல உச்சியைத் தாண்டி வடக்கு பக்கமே போயிடும். இந்த மாதிரி எடத்துல தெக்கு வடக்கா நீளமான ஒடுக்க மனை கிடைச்சா நல்லது தான், ஏன்னா எங்களுக்கு தொல்லை பண்றது கெழக்கு மேக்கு வெயில், காலைலயும் சாயங்காலமும் தாழ்வா வந்து நேரா சுவத்துல அடிக்கும், அதை பக்கத்து வீட்டு சுவரே மறைச்சிடும். இங்க முக்கியமா பார்க்க வேண்டியது மொட்டைமாடி, வெயில்ல பெரும்பங்கு அதுல தான் இறங்கும். எங்களுக்கு வெளிச்சம் வேணும், வெயில் வேணாம். அதனால நடுவுல சின்ன முற்றம் விட்டு, மேல கூரையை கொஞ்சம் நீட்டி, வடக்கு தெக்கு ஜன்னல் வச்சாலே போதும். கயலுக்கு சொல்ற கணக்கை அப்படியே இங்க தூக்கிட்டு வந்து வச்சிடாதீங்கன்னு சொல்லத்தான் எழுதினேன்.

தென்கோளத்தான்

அதே மாதிரி பூமத்திய ரேகைக்கு தெக்கால இருக்கறவங்க இந்த த்ரெட்ல தெக்குன்னு வர்ற எடமெல்லாம் வடக்குன்னு படிச்சுக்கோங்க, மாசத்தையும் திருப்பிக்கோங்க, எங்களுக்கு ஜூன் 21 தான் நிழல் நீளமான நாள். வடக்கத்தி ஊருக்கு போட்ட பிளானை நெட்ல பார்த்து அப்படியே கட்டி ஹாலை நிழல்ல வச்சிருக்கற வீடுகள் இங்க நிறைய இருக்கு.

முற்றத்துவீடு

நான் வீட்டு டிசைன் வேலையில தான் இருக்கேன், ஒடுக்க மனைகள் நிறைய பண்ணியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

சாரப்பலகை சார் சொன்ன கணக்கு சரி. ஆனா முன்னாடியா பின்னாடியான்னு ரெண்டே வழி தான் இருக்குன்னு நினைக்க வேணாம். 130 அடி நீளம் இருக்கு உங்ககிட்ட, அதை பயன்படுத்திக்கோங்க. நான் பார்க்கற மூணாவது வழி என்னன்னா வீட்டை ரெண்டு பிளாக்கா பிரிச்சு, பின்னாடி விடலாம்னு நினைக்கற தோட்டத்தை நடுவுல கொண்டு வர்றது.

முன் பிளாக் ரோட்டுப் பக்கம், ஒரே தளம், கைப்பிடிச்சுவர் எல்லாம் சேர்த்து 12 அடிக்கு மேல போகக் கூடாது. முன்னாடி 15 அடி விட்டுட்டு 30 அடி ஆழத்துக்கு அதை வைங்க, கார் நிறுத்த, ஆபீஸ் ரூம், விருந்தாளி ரூம் எல்லாம் அங்க போகட்டும். பின் பிளாக் வடக்கு ஓரத்துல 10 அடி விட்டு 28 அடி ஆழம், ரெண்டு தளம். இதுக்கு நடுவுல 47 அடி காலி நிலம் கிடைக்கும். 12 அடி முன் பிளாக்கோட டிசம்பர் மத்தியான நிழல் 24 அடி. மிச்சம் 23 அடி நிலத்துல குளிர்காலத்துலயே வெயில் விழும், அங்க காய்கறி போடுங்க, அதுக்குப் பின்னாடி இருக்கற பின் பிளாக்கோட கீழ்த்தள ஜன்னல் முழுக்க வெயில். மாமியார் ரூம், சமையலறை, சாப்பிடற எடம் மூணும் அந்த தெக்கு சுவரை ஒட்டி வரட்டும். மேல படுக்கையறைகளுக்கு முன் பிளாக் ஒரு தடையே இல்ல. ரோட்டுக்காரங்க கண்ணும் உள்ள விழாது, அந்த 47 அடி உங்க சொந்த மறைவிடம்.

இன்னொரு விஷயம், மேக்கு வீடு அவங்க மனையோட முன்பாதியில தான்னு சொன்னீங்க. அப்போ உங்க பின் பிளாக் அவங்க தோட்டத்துக்கு நேரா வந்துடும், அவங்க சுவருக்கு நேரா வராது. மத்தியானத்துக்கு மேல நிழல் வடகிழக்கா சாஞ்சு வரும்ங்கறதால கொஞ்சம் பாதிப்பு இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டு வீடும் தோளோட தோள் உரசிட்டு நிக்கறதை விட இது எவ்வளவோ மேல்.

ரெண்டு பிளாக்கையும் மேக்கு ஓரமா ஒரு நடையால இணைச்சிடுங்க, ஒரு தளம், 5 அடி அகலம் போதும். மேக்கு ஓரத்துல பக்கத்து வீட்டு நிழல் எப்படியும் விழப் போகுது, அந்த எடத்தை நடைக்கு குடுத்துட்டா வெயில் விழற நிலம் வீணாகாது.

சாரப்பலகை

முற்றத்துவீடு சார், நல்ல யோசனை தான், ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. இது குளிர் எடம். வீட்டை ரெண்டா பிரிச்சா வெளிச்சுவர் நீளம் கூடும், கூரை பரப்பும் கூடும், நடைக்கு வேற ரெண்டு பக்கமும் வெளிச்சுவர். உள்ள இருக்கற சூடு வெளிய போற வழி அத்தனையும் கூடுது. வெயில் பத்தி மட்டும் பேசி இதை விட்டுட்டா, ஜன்னல் வழியா வர்ற சூட்டை சுவர் வழியா தொலைச்சிடுவாங்க. 

நான் சொல்றது ஒரே பிளாக், வடக்கு ஓரம், ஆனா படிக்கட்டு மாதிரி. தெக்கு பாதி ஒரு தளம், வடக்கு பாதி ரெண்டு தளம். முன் கூரைக்கு மேல எழும்புற சுவத்துல தெக்கு பார்த்து நீளமா மேல் ஜன்னல் ஒரு வரிசை. அதுல வர்ற வெயில் வீட்டோட நடுப்பகுதிக்கு, மாடிப்படிக்கு எல்லாம் இறங்கும். இந்த எடத்துக்கு கூரையில படுத்த மாதிரி கண்ணாடி போடுற ஸ்கைலைட் வேண்டாம், அது குளிர்காலத்துல தாழ்ந்த சூரியனை சரியா வாங்காது, கோடையில தலைக்கு மேல இருந்து அடிக்கறதை முழுசா வாங்கி வீட்டை வேக வைக்கும். செங்குத்து ஜன்னல்னா இது தலைகீழ், குளிர்ல உள்ள விடும், கோடையில சன்ஷேடு வச்சு தடுத்துடலாம்.

முற்றத்துவீடு

சூடு போற விஷயம் ஒத்துக்கறேன் சார், அது நியாயமான பாயிண்ட். கயல் வீட்ல எத்தனை பேர், ஆபீஸ் ரூம் தினமும் உபயோகப்படுமாங்கறதைப் பொறுத்து தான் முடிவு பண்ணணும். முன் பிளாக்ல கார் நிறுத்தறது, ஸ்டோர், பட்டறை மாதிரி சூடு பண்ண வேண்டாத எடம் மட்டும் வச்சிட்டு, நடையையும் மேல மட்டும் மூடி திறந்தாப்ல விட்டுட்டா, சூடு பண்ணற வீடு பின் பிளாக் மட்டும் தான். அப்போ நீங்க சொல்ற ஒரே பிளாக்கும் நான் சொல்றதும் கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

கயல்விழி_மனை

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் எங்களுக்கு சொல்லல. வீட்ல காட்டினேன், பின்தோட்டத்துல 44 அடிக்கு நிழல்னு தெரிஞ்சதும் முதல் ஸ்கெட்சை எல்லாரும் கைவிட்டுட்டாங்க. வீட்ல அஞ்சு பேர், நான் வீட்ல இருந்து தான் வேலை பண்றேன், அதனால என் ரூமும் சூடா இருக்கணும், பின் பிளாக்லயே வரட்டும். முன்னாடி கார், ஸ்டோர் மட்டும்.

இப்போ ரெண்டு சந்தேகம். கெழக்கு மேக்கு சுவத்துல பெரிய ஜன்னல் வச்சா வெயில் கிடைக்குமா, அங்க தான் நீளமே இருக்கு? அப்புறம் தெக்கால முழுக்க கண்ணாடின்னா கோடையில வெந்துட மாட்டோமா?

சாரப்பலகை

பக்க ஜன்னல்: காலி எடம் இருக்கற வரைக்கும் வெயில் வரும். ஆனா கெழக்கால நாளைக்கு அதே 22 அடி வீடு வரும்னு வச்சு தான் பிளான் போடணும், இன்னிக்கு காலியா இருக்கறதை நம்பக் கூடாது. அங்க எவ்வளவு உயரம் கட்ட அனுமதி உண்டோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு சுவர் இப்பவே நிக்குதுன்னு வரைபடத்துல போட்டுக்கோங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல 10 அடி சந்து, உங்க ஜன்னல் சில் லெவல், அதாவது ஜன்னலோட அடி விளிம்பு, 3 அடின்னா எதிர் சுவர் 62 டிகிரி உயரம் வரைக்கும் வானத்தை மறைக்கும். மார்ச் மாசத்துல கூட மத்தியானத்துக்கு முன்னாடி ஒரு ஒன்றரை மணி நேரம் தான் அந்த ஜன்னலுக்கு வெயில் எட்டும், டிசம்பர்ல ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, அதுவும் சுவரை உரசிட்டு சாய்வா போற வெயில், ரூமுக்குள்ள இறங்காது. அதனால பக்க ஜன்னலை வெளிச்சத்துக்கும் காத்துக்கும் வைங்க, உயரத்துல வைங்க, வெயிலை அதுகிட்ட எதிர்பார்க்காதீங்க. சந்து பக்கம் சுவருக்கு வெள்ளை அடிச்சாலே உள்ள வெளிச்சம் நல்லா கூடும்.

தெக்கு ஜன்னல்: இதுல தான் இயற்கையே நமக்கு உதவுது. கண்ணாடி 5 அடி உயரம், அதுக்கு ஒரு அடி மேல சன்ஷேடு, 2 அடி நீட்டம்னு வைங்க. ஜூன் மத்தியானம் 73.5 டிகிரியில அந்த 2 அடி சன்ஷேடு 6 அடிக்கு மேல நிழல் தரும், கண்ணாடி முழுக்க மறைஞ்சிடும். டிசம்பர்ல அதே சன்ஷேடு ஒரே ஒரு அடி தான் நிழல் தரும், அது கண்ணாடிக்கு மேல இருக்கற சுவத்துலயே முடிஞ்சிடும், கண்ணாடி முழுக்க வெயில். கெழக்கு மேக்கு ஜன்னலுக்கு இந்த வித்தை நடக்காது, அங்க வெயில் தாழ்வா வரும், எவ்வளவு நீட்டினாலும் அடியில புகுந்துடும்.

சன்ஷேடு நீளம் ஜன்னல் அகலத்தோட நின்னுடக் கூடாது, ரெண்டு பக்கமும் கொஞ்சம் தாண்டிப் போகணும், இல்லன்னா காலை பத்து மணி வெயில் ஓரத்துல புகும்.

முற்றத்துவீடு

இதோட சேர்த்து ரூம் ஆழத்தையும் பாருங்க. ஜன்னல் மேல்விளிம்பு 7 அடி உயரத்துல இருந்தா டிசம்பர் மத்தியான வெயில் தரையில 14 அடி வரைக்கும் உள்ள வரும். வெறும் வெளிச்சம்னா மேல்விளிம்பு உயரத்துல ரெண்டு, ரெண்டரை மடங்கு தூரம் வரைக்கும் சொல்லிக்கற மாதிரி இருக்கும், அதுக்கு அப்புறம் பகல்லயே லைட் போடணும். அதனால தெக்கு வரிசை ரூம் 14 அடி ஆழம், அதுக்குப் பின்னாடி வடக்கு 14 அடியில மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர், துணி துவைக்கற எடம். 28 அடி ஆழம்னு நான் சொன்னது இந்தக் கணக்குல தான். மாமியார் ரூமை தென்கிழக்கு மூலையில வைங்க, மேக்கு வீட்டு நிழல் அங்க தான் கடைசியா வந்து சேரும்.

தரை டைல்ஸோ கல்லோ கான்கிரீட்டோ எதுவா இருந்தாலும் வெயில் விழற எடத்துல அதை திறந்தாப்ல விடுங்க, கனமான தரை பகல்ல சூட்டை வாங்கி வச்சு ராத்திரி மெதுவா விடும். அது மேல தடிமனா கார்ப்பெட் விரிச்சா அந்தப் பலன் போச்சு. ராத்திரி கண்ணாடிக்கு தடியான திரை கட்டாயம், இல்லன்னா பகல்ல வந்தது ராத்திரியே வெளிய போயிடும்.

அட்டைமாடல்

எல்லாரும் தெக்கு தெக்குன்னு சொல்றீங்க, அந்த தெக்கை சரியா கண்டுபிடிக்கறது எப்படின்னும் சொல்லணும். மொபைல் காம்பஸ்ல பார்த்து வரைபடத்துல குறிக்கறாங்க பாருங்க, அது காட்டறது காந்த வடக்கு, சில எடங்கள்ல நிஜ வடக்குக்கும் அதுக்கும் பத்து டிகிரிக்கு மேல கூட வித்தியாசம் வரும். பக்கத்துல கம்பி, கார் இருந்தா அது இன்னும் தப்பா காட்டும். மனையில ஒரு நேர் குச்சியை செங்குத்தா நட்டு, அதை மையமா வச்சு ஒரு வட்டம் போடுங்க. காலைல நிழல் நுனி வட்டத்தை தொடற எடத்துல ஒரு புள்ளி, மத்தியானத்துக்கு மேல திரும்ப தொடற எடத்துல ஒரு புள்ளி. ரெண்டையும் இணைச்சா அது கெழக்கு மேக்கு கோடு. கடிகாரத்துல 12 ஆகும்போது நிழல் எந்தப் பக்கம்னு மட்டும் பார்க்காதீங்க, தீர்க்கரேகைல ஒரு டிகிரி தள்ளி இருந்தாலே 4 நிமிஷம் மாறும், அதுக்கு மேல வருஷத்துல எந்த நாள்ங்கறதைப் பொறுத்து 16 நிமிஷம் வரைக்கும் முன்ன பின்ன போகும்.

மனை சரியா தெக்கு பார்க்காம இருபது டிகிரி கோணலா இருந்தா கவலைப்பட வேணாம், வெயில்ல பெரிய நஷ்டம் வராது. அதுக்காக ஒடுக்க மனையில வீட்டை திருப்பி வச்சு மூலைமுடுக்கா நிலத்தை வீணாக்க வேணாம்.

அப்புறம் ஒரு அட்டை மாடல் பண்ணுங்க. உங்க வீடு, மேக்கு வீடு, கெழக்கால வரப்போற வீடு மூணையும் ஒரே அளவுல அட்டையில வெட்டி ஒட்டி, உங்க அட்சரேகைக்கு உள்ள சூரியக் கடிகார படத்தை பிரிண்ட் எடுத்து அதே பலகையில தெக்கு வடக்கு சரியா வச்சு ஒட்டி, அதுல சொல்ற உயரத்துக்கு ஒரு ஆணி நிறுத்துங்க. வெயில்ல கொண்டு போய் பலகையை சாய்ச்சு திருப்பி ஆணி நிழலோட நுனி டிசம்பர் 21, காலை 10 மணிங்கற எடத்துல விழற மாதிரி பிடிச்சா, மாடல்ல விழற நிழல் தான் அன்னிக்கு அந்த நேரத்துல நிஜ வீட்ல விழப் போறது. கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்லயும் இதை பார்க்கலாம், ஆனா வீட்ல இருக்கற பெரியவங்களும் சுத்தி உக்காந்து பார்த்து புரிஞ்சுக்கறதுக்கு அட்டை தான் நல்லது.

கயல்விழி_மனை

அட்டை மாடல் இந்த வாரமே பண்ணிடறோம். கடைசியா ஒண்ணு, பின் பிளாக் ஜன்னலுக்கு முன்னாடி கோடை நிழலுக்காக இலை உதிர்ற மரம் வைக்கலாம்னு ஆர்கிடெக்ட் சொல்றார், குளிர்ல இலை கொட்டிடும் வெயில் வரும்னு. சரிதானா? பிற்காலத்துல பையனுக்கு தனியா ஒரு ரூம் வேணும்னா முன் பிளாக் மேல எடுத்துக்கலாமா?

முற்றத்துவீடு

இலை கொட்டினாலும் கிளையும் குச்சியும் கணிசமா வெயிலை மறைக்கும்மா, மரத்தை தெக்கு ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க. கோடைக்கு சன்ஷேடே போதும்னு மேல கணக்கு இருக்கு. மரம் வேணும்னா மேக்கு காம்பவுண்ட் ஓரமா வைங்க, சாயங்கால வெயிலுக்கு அது உதவும்.

முன் பிளாக் மேல கட்டாயம் எடுக்கக் கூடாது. அது 12 அடியில இருந்து 22 அடி ஆச்சுன்னா நிழல் 24ல இருந்து 44 அடிக்குப் போயிடும், நடுவுல இருக்கற 47 அடியை கிட்டத்தட்ட முழுங்கிடும், மாமியார் ரூம் வாசல் வரைக்கும் நிழல் வந்துடும், காலைலயும் சாயங்காலமும் ஜன்னலே நிழலுக்குள்ள போயிடும். பையன் ரூமுக்கு இப்பவே பின் பிளாக் மேல்தளத்துல எடம் விட்டு வைங்க, இல்ல பின் பிளாக் அஸ்திவாரத்தை மூணாவது தளம் தாங்கற மாதிரி போடச் சொல்லுங்க, அங்க அனுமதி இருந்தா. அதோட நிழல் வடக்கு பக்கத்து மனைக்குப் போகும், அங்க அவங்களுக்கு என்ன இருக்குன்னு பார்த்துட்டு அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை பேசிட்டு செய்யுங்க.